ஒரே முகவரியில் இருபத்து நான்கு மீன்கள்

"எடு அதை! இப்பவே எடு!"

"ஒரு நிமிஷம் பாரேன் ஃபென்னா, எப்படி ஒட்டிக்கிட்டு..."

"பார்த்தாச்சு! பார்த்ததாலதான் சொல்றேன், எடு!"

"...ஒரு வருஷமா நீ இதுக்குத்தானே ஏங்கின? ஒரே திசையில, பட்டாளம் மாதிரி..."

"பட்டாளமா? நாயைப் பார்த்த ஆட்டு மந்தை மாதிரி நிக்குதுங்க! மூக்கைப் பாரு லுபர்ட். மூக்கைப் பாரு!"

லுபர்ட் கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி மாட்டிக்கொண்டு மூக்கைப் பார்த்தான். மூக்கு இல்லை. அதாவது, இருக்க வேண்டிய சிவப்பு இல்லை.

செம்மூக்கு டெட்ரா என்பது பாதி விரல் நீளத்தில் ஒரு வெள்ளி மீன். வாலில் கறுப்பும் வெள்ளையுமாகப் பட்டை, தலை மட்டும் செக்கச்செவேல். மற்ற மீன்களுக்கு என்ன குறை என்று நாம்தான் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். இவை முகத்திலேயே சொல்லிவிடும். தண்ணீர் கெட்டால் மூக்கு வெளுக்கும், பயந்தாலும் வெளுக்கும். இன்றைக்குத் தொட்டியின் இடது மூலையில் அத்தனையும் நெருக்கியடித்து நின்றன, தோல் சீவிய உருளைக்கிழங்கு நிறத்தில். நடுவில், அந்தத் தொட்டியைத் தானே கட்டியது போல, தட்டகலத்தில் ஒரு ஏஞ்சல் மீன் உலாவிக்கொண்டிருந்தது.

"யாரோடது இது?"

"சங்கத்து ரூலோஃபோடது. இன்னைக்கு மத்தியானம் வரைக்கும்னு சொல்லி வாங்கிட்டு வந்தேன். சங்கத்துல எல்லாரும் சொல்றதுதானே, ஒரு ஏஞ்சலை உள்ள விட்டா சின்னதெல்லாம் தானா கூட்டம் சேரும்னு."

"எப்ப விட்ட?"

"காலையில ஆறு மணிக்கு. நீ குளிக்கப் போனப்ப."

"நாலு மணி நேரமா!" ஃபென்னா வலையைத் தேடி ஓடினாள். "பாலத்தைத் தூக்கி இறக்கறவன் புத்தி போகுமா உனக்கு? படகு வரிசையில வரணும், மீனும் வரிசையில வரணும். வாயில போற சைஸு இதுங்கல்லாம். அது வாயைப் பாரு!"

லுபர்ட் முப்பத்தியொரு வருடம் கால்வாய்ப் பாலத்தில் காவல் இருந்தவன். மணி அடித்து, கம்பை இறக்கி, பாலத்தைத் தூக்கினால் படகுகள் ஒன்றன்பின் ஒன்றாக வரும். உலகில் அதைவிட அழகான காட்சி அவனுக்குக் கிடையாது. ஆனால் இன்று அவன் செய்தது அழகுக்காக இல்லை. அந்த ஒரு வரிக்காக.

அந்த வரி போன வருடம் எழுதப்பட்டது. ஆப்பிங்கெடாம் ஊரின் மீன் வளர்ப்போர் சங்கத்தில் இலையுதிர் காலம் வந்தால் வீட்டுத் தேர்வு நடக்கும். நடுவர் வீடு வீடாக வந்து, தொட்டியின் முன்னால் நாற்காலி போட்டு உட்கார்ந்து, செடிக்கு இவ்வளவு, தண்ணீருக்கு இவ்வளவு, மீனுக்கு இவ்வளவு என்று மதிப்பெண் போட்டு, கீழே இரண்டு வரி எழுதிவிட்டுப் போவார். ஃபென்னாவின் தொட்டிக்கு நடுவர் வேனமா எழுதியது இது: "செம்மூக்கு டெட்ரா, 11. ஆரோக்கியம் நன்று. ஆனால் கூட்டம் என்று சொல்ல முடியாது. ஒரே முகவரியில் வசிக்கும் பதினொரு மீன்கள்."

சங்கக் கூட்டத்தில் இதை வாசித்தபோது எல்லோரும் சிரித்தார்கள். ஃபென்னாவும் சிரித்தாள். வீட்டுக்கு வந்து மூன்று நாள் சரியாகச் சாப்பிடவில்லை.

"நாமளும் அப்படித்தானே," என்று ஆறுதல் சொல்லப் பார்த்தான் லுபர்ட். "நாப்பத்திரண்டு வருஷமா ஒரே முகவரி."

அது ஆறுதலாக இல்லை.

அதற்கப்புறம் ஒரு வருட உழைப்பு. இன்னும் பதின்மூன்று மீன் வாங்கி, விருந்தினர் அறையில் சின்னத் தொட்டியில் நான்கு வாரம் தனியாக வைத்து, நோய் இல்லை என்று உறுதியான பிறகே பெரிய தொட்டியில் விட்டாள். அந்த நான்கு வாரமும் வந்த விருந்தாளிகள் சோபாவில் படுத்தார்கள். நீந்த இடம் வேண்டும் என்று நடுவிலிருந்த செடிகளைப் பிடுங்கிப் பக்கத்தில் நட்டாள். தோட்டத்துப் பீப்பாயில் பிடித்த மழைத்தண்ணீரை வெதுவெதுப்பாக்கி, ஞாயிற்றுக்கிழமைதோறும் மூன்றில் ஒரு பங்கு மாற்றினாள். காலையில் ஒரு சிட்டிகை தீனி, சாயங்காலம் ஒரு சிட்டிகை, புதன்கிழமை பட்டினி.

"எனக்கும் புதன்கிழமை பட்டினி போட்டா நானும் ஒழுங்கா நீந்துவேன்," என்பான் லுபர்ட்.

அப்படி வளர்த்த கூட்டம் இப்போது மூலையில் வெளுத்துக் கிடந்தது. மணி பத்து. நடுவர் வருவது பத்தரைக்கு.

அடர்ந்த செடிகளுக்கு நடுவே ஏஞ்சல் மீனைப் பிடிப்பது என்றால் திருமண வீட்டில் கோழி பிடிப்பதைவிடக் கஷ்டம். ஃபென்னா ஒரு வலை, லுபர்ட் ஒரு வலை.

"உன் பக்கம் வருது!"

"என் பக்கம் இல்ல, கட்டைக்குப் பின்னாடி."

"செடியை மிதிக்காத!"

"கையால எப்படிடி மிதிக்கறது?"

"அந்தத் தெருவைத் தொட்டியோ, உன்னை வெளியில உட்கார வெச்சிடுவேன்!"

தெரு என்று அவள் சொன்னது, தொட்டியின் முன்னாலிருந்து பின்னால் வரை படிப்படியாக உயர்ந்து போகும் பச்சைச் செடி வரிசையை. அதற்குத் தனி மதிப்பெண் உண்டு. லுபர்ட் தோள் வரை தண்ணீருக்குள் இருந்தான். சட்டைக்கையை மடிக்க மறந்துவிட்டிருந்தான்.

அப்போது ஃபென்னா ஜன்னலைப் பார்த்துவிட்டு உறைந்தாள்.

"வந்துட்டார்."

"பத்தரை ஆகலையே?"

"கார்ல உட்கார்ந்திருக்கார். பத்தரை ஆகட்டும்னு காத்திருக்கார். நேரா இங்கதான் பார்க்கறார், லுபர்ட். சிரி!"

லுபர்ட் தோள்வரை நனைந்த கையோடு ஜன்னலைப் பார்த்துச் சிரித்தான். ஃபென்னா ஒரே எட்டில் போய்த் திரையை இழுத்து மூடி, தொட்டி விளக்கைப் போட்டாள்.

அந்த ஊரில் பகலில் திரை மூடியிருந்தால் அது சாவு வீடு. அரை நிமிடத்தில் தொலைபேசி அடித்தது. எதிர்வீட்டுக்காரி.

"ஃபென்னா! பகல்ல திரை மூடியிருக்கே. யாரு போயிட்டாங்க?"

"யாரும் போகல!"

"லுபர்ட் நல்லா இருக்காரா?"

"இருக்கார். இன்னும் அஞ்சு நிமிஷத்துக்கு," என்று சொல்லிப் போனை வைத்தாள் ஃபென்னா.

"பிடிச்சிட்டேன்!" என்றான் லுபர்ட்.

வாளியில் விழுந்த ஏஞ்சல் மீன் ஒரு சுற்றுச் சுற்றி, விசிறி மாதிரித் துடுப்பை விரித்து, இருவரையும் நிமிர்ந்து பார்த்தது.

"கொட்டகையில வெச்சிடறேன்."

"குளிர்ல செத்துப் போகும். அது என்ன தப்புப் பண்ணிச்சு? தப்புப் பண்ணினவன் நீ. வேணும்னா நீ கொட்டகையில போய் நில்லு."

"பின்ன எங்க?"

"கீழ்க் கழிப்பறையில வை. அங்கதான் வெந்நீர்க் குழாய் சுவரோரம் போகுது. குதிச்சிடும், துண்டு போட்டு மூடு."

லுபர்ட் வாளியைக் கழிப்பறையில், பிறந்தநாள் காலண்டருக்கு நேர் கீழே வைத்தான். அந்த ஊரில் எல்லா வீட்டுக் கழிப்பறையிலும் தொங்குவதைப் போலவே அங்கேயும் தொங்கியது, உட்கார்ந்தால் கண்ணுக்கு நேராக. சொந்தக்காரர்களின் பிறந்தநாளை வேறு எங்கே உட்கார்ந்து நிதானமாகப் படிக்க முடியும்? "உங்க அக்காவுக்கு நாளைக்குப் பிறந்தநாள். போன் பண்ண மறந்துடாத," என்று அங்கிருந்தே கத்தினான்.

திரும்பி வந்து பார்த்தால் ஃபென்னா தொட்டியின் முன்னால் முழங்காலிட்டு விரலால் எண்ணிக்கொண்டிருந்தாள்.

"இருபத்திமூணு."

"சரியா எண்ணு. அசையுதுங்க."

"அசையவே இல்லியே, அதான் சரியா எண்ண முடியுது. இருபத்திமூணு." அவள் குரல் சிறுத்துப்போனது. "தின்னுடுச்சு, லுபர்ட்."

பாலத்தில் முப்பத்தியொரு வருடத்தில் ஒரே ஒரு படகைத்தான் லுபர்ட் இடித்திருக்கிறான். அன்றைக்கு நின்றதைப் போலவே இப்போதும் நின்றான். கையிலிருந்து தண்ணீர் சொட்டியது.

அழைப்புமணி அடித்தது. பத்தரை.

நடுவர் வேனமா உயரமான மனிதர். கதவுக்குக் கதவு குனிந்து குனிந்து முதுகே கொஞ்சம் அப்படியே நின்றுவிட்டது. கையில் அட்டையும் படிவமும். எந்த வீட்டிலும் அவர் பெண்களை 'மெவ்ரௌ', அம்மா என்பார்; அவர்களுக்கு இவர் 'மெனேர்', ஐயா. திரையை ஒரு பார்வை பார்த்தார்.

"எல்லாரும் சௌக்கியம்தானே?"

"வெயில், மெனேர்," என்றாள் ஃபென்னா. நவம்பர் மாதத்தில். காது சிவந்தது. மீன்களிடம் இல்லாத சிவப்பெல்லாம் அவள் காதில் இருந்தது.

வேனமா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார். செடித்தெருவைப் பார்த்துத் தலையை ஆட்டினார். தண்ணீரில் ஒரு காகிதத் துண்டை நனைத்து நிறம் பார்த்து இன்னும் ஒருமுறை ஆட்டினார். பிறகு மூலைக்குத் திரும்பினார்.

"அடடா! இந்த வருஷம் என்னமா சேர்ந்திருக்குதுங்க! கயிறு போட்டுக் கட்டின மாதிரி."

லுபர்ட் ஃபென்னாவைப் பார்த்தான். ஃபென்னா தரையைப் பார்த்தாள்.

வேனமா முகத்தைக் கண்ணாடிக்கு அருகே கொண்டுபோனார். தன் மூக்கை மீன்களின் மூக்குக்கு நேராக வைத்தார்.

"ஆனா மெவ்ரௌ, சிவப்பு எங்க?"

"விளக்கு இப்பதான் போட்டோம்," என்றாள் ஃபென்னா. பொய் இல்லை. விளக்குப் போட்டவுடன் கொஞ்ச நேரம் வெளுத்திருப்பது வழக்கம்தான். ஆனால் காது இன்னும் சிவந்தது.

"விளக்குக்கா இவ்வளவு? ம். இப்ப எழுதினா இப்படித்தான் எழுதணும்: நெருக்கம் நன்று, நிறம் இல்லை. பயந்த கூட்டம்." பேனா மூடியைத் திறந்தார்.

"காபி!" என்று கத்தினாள் ஃபென்னா.

காபி வந்தது. பிஸ்கட் டப்பா வந்தது. திறந்தாள், ஆளுக்கு ஒன்று எடுத்தார்கள், மூடினாள். அந்த வீட்டில் மட்டும் இல்லை, அந்த ஊரிலேயே காபிக்கு ஒரு பிஸ்கட்தான். மூடிய டப்பா மூடியதுதான்.

பதினைந்து நிமிடம் போனது. மூலையிலிருந்து இரண்டு மீன் வெளியே எட்டிப் பார்த்துவிட்டு மறுபடி உள்ளே போயின.

"எனக்குப் பதினொண்ணேகாலுக்கு அடுத்த வீடு," என்றார் வேனமா.

"இன்னொரு கப், மெனேர்."

"நன்றி, ஒரு கப் போதும்."

ஃபென்னா ஊற்றிவிட்டாள். அதோடு நிற்காமல் டப்பாவையும் மறுபடி திறந்தாள். லுபர்ட்டுக்கு இருமல் வந்துவிட்டது. வேனமாவின் கை பாதி வழியில் நின்றது.

"இரண்டாவதா? யாருக்காவது பிறந்தநாளா?"

"எனக்குத்தான்!" என்றான் லுபர்ட், யோசிக்காமல்.

"முன்னாடியே சொல்லக் கூடாதா!" வேனமா எழுந்து நின்றார். "வாழ்த்துகள், லுபர்ட்! மெவ்ரௌ, உங்க வீட்டுக்காரர் பிறந்தநாளுக்கு உங்களுக்கும் வாழ்த்துகள்!" இருவர் கையையும் பிடித்துக் குலுக்கினார். "எத்தனை முடிஞ்சிருக்கு?"

"எழுபத்தியொண்ணு," என்றான் லுபர்ட். அதாவது வயதில் பொய் சொல்லவில்லை.

"எழுபத்திரண்டு வருமான்னு சாயங்காலம் சொல்றேன்," என்று முணுமுணுத்தாள் ஃபென்னா.

பிறந்தநாள் என்று ஆகிவிட்ட பிறகு ஒரு விருந்தாளி எழுந்து போக முடியாது. வேனமா அடுத்த வீட்டுக்குப் போன் போட்டு அரைமணி தள்ளி வைத்தார். ரை தானிய மாவுக் கேக்கை வெட்டி, வெண்ணெய் தடவி, ஃபென்னா தட்டில் அடுக்கினாள். மூன்றாவது கப் ஊற்றினாள். வேனமா தன் முதல் தொட்டியைப் பற்றிச் சொன்னார், தன் மகளின் விவாகரத்தைப் பற்றிச் சொன்னார், நாலாவது கப்புக்கு மறுக்கக்கூட இல்லை. யாரும் தொட்டியைப் பார்த்துப் பேசவில்லை. ஆனால் மூன்று பேரின் கண்ணும் அங்கேதான்.

முதலில் ஒரு மூக்கில் ரோஜா நிறம் வந்தது. அப்புறம் நாலில். அப்புறம் யாரோ உள்ளேயிருந்து விளக்கேற்றிக்கொண்டே போவதைப் போல வரிசையாகச் சிவந்தன. மூலை தளர்ந்தது. மீன்கள் ஒவ்வொன்றாக நடுவெளிக்கு வந்து, ஒன்று இங்கே கொத்திப் பார்த்து, ஒன்று அங்கே இலையை முகர்ந்து, இஷ்டத்துக்குப் பரவின.

ஃபென்னா தன் கப்பைக் கீழே வைத்தாள். போன வருடமும் இப்படித்தான் பரவிக் கிடந்தன. பயந்தால் கூட்டம், பயம் தெளிந்தால் முகவரி. ஒரு வருட மழைத்தண்ணீரும் இதற்குத்தானா?

"பரவாயில்ல மெனேர்," என்றாள். "போன வருஷ வரியையே எழுதிக்கோங்க. எண்ணிக்கையை மட்டும் மாத்திடுங்க. இருபத்தி..."

அவள் காலித் தட்டுகளை அடுக்க ஆரம்பித்தாள்.

"இருங்க," என்றார் வேனமா.

பின்னால், மரக்கட்டையின் பொந்திலிருந்து ஒரு வெளுத்த மூக்கு நீண்டது. இடது பக்கம் பார்த்தது, வலது பக்கம் பார்த்தது. பிறகு விர்ரென்று நடுவெளியைக் குறுக்கே கடந்து ஓடியது.

அது ஓடியதும் மற்ற இருபத்து மூன்றும் ஒரே வீச்சில் திரும்பின. இடித்துக்கொள்ளவில்லை, ஒட்டிக்கொள்ளவும் இல்லை. காற்றில் ஒரு துணி மடிவதைப் போல மடிந்து, அந்த ஒன்றை உள்ளே வாங்கிக்கொண்டு, தொட்டியின் கடைசி வரை போய், திரும்பி, மறுபடி மெதுவாகத் தளர்ந்தன. மூக்கெல்லாம் சிவப்பு.

"இருபத்திநாலு," என்றான் லுபர்ட். குரல் உடைந்தது. "ஃபென்னா, இருபத்திநாலு!"

"எனக்கும் எண்ணத் தெரியும்," என்றாள் ஃபென்னா. கண்ணைத் துடைக்க அவள் எடுத்தது மீன் வலை.

வேனமா நாற்காலியில் சாய்ந்தார்.

"போன வருஷம் ஒண்ணு போனா மத்தது கண்டுக்கவே கண்டுக்காது. அதான் அப்படி எழுதினேன். தள்ளித் தள்ளி இருக்கறது தப்பே இல்ல, மெவ்ரௌ. ஒண்ணு திரும்பினா மத்ததுக்குத் தெரியணும். அவ்வளவுதான்."

படிவத்தை முழங்காலில் வைத்து எழுத ஆரம்பித்தார்.

ஃபென்னாவால் உட்கார முடியவில்லை. "மெனேர், எழுதறதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லணும். காலையில..."

"கேக் இன்னொரு துண்டு!" என்றான் லுபர்ட்.

"பேசாதீங்க ரெண்டு பேரும், வரி நழுவிடும்," என்றார் வேனமா. நாலு சொல் எழுதினார், நிறுத்தினார், நெளிந்தார், இன்னும் இரண்டு சொல் எழுதினார். பிறகு படிவத்தை மேசைமேல் வைத்துவிட்டு எழுந்தார். "மன்னிக்கணும். நாலு கப் காபி. ஒரே நிமிஷம்."

லுபர்ட் நாற்காலியோடு எழுந்தான். "மாடியில போங்க, மெனேர்! மேல இருக்கறதுதான் புதுசு!"

"மாடி ஏற இப்ப நேரமில்ல, லுபர்ட். இந்தத் தெருவுல எல்லா வீட்டுலயும் அது எங்க இருக்குன்னு எனக்குத் தெரியும்."

கதவு சாத்திக்கொண்டது. தாழ்ப்பாள் விழுந்தது.

இருவரும் மேசைமேல் குனிந்தார்கள். படிவத்தில் அவருடைய சாய்ந்த கையெழுத்தில் இப்படி இருந்தது: "செம்மூக்கு டெட்ரா, 24. இது கூட்டம். இவற்றுக்கு ஒன்றையொன்று". வரி அங்கேயே நின்றது. அதன்மேல் பேனா திறந்தபடியே கிடந்தது.

தொட்டியில் இருபத்து நான்கும் நிம்மதியாக மேய்ந்துகொண்டிருந்தன. கழிப்பறையில் தண்ணீர் தெறிக்கும் சத்தம் ஒன்று கேட்டது. அது குழாய்ச் சத்தம் இல்லை என்பது இருவருக்கும் தெரிந்தது. ஃபென்னா லுபர்ட்டின் ஈரச் சட்டைக்கையைப் பிடித்துக்கொண்டாள்.

கதவுக்குப் பின்னாலிருந்து வேனமாவின் குரல் வந்தது. சாவகாசமாகவே வந்தது.

"லுபர்ட், உங்க பிறந்தநாள் ஜூன் பத்தொன்பதுன்னு இந்தக் காலண்டர் சொல்லுது. அது உங்க குடும்ப விஷயம், நான் கேக்கல. ஆனா மெவ்ரௌ, இந்த வாளிக்குள்ள துண்டைப் போத்திக்கிட்டு என்னையே பார்த்துக்கிட்டு இருக்கறது யாரு?"